கைமேல் பலன்

திரியெஸ்தேயில் காற்றுக்குப் பெயர் போரா.
மலையிலிருந்து அது இறங்கும் நாளில்
குப்பைத்தொட்டிகள் தாமாகவே கடலுக்குப் புறப்படும்.
ஐந்தாம் மாடி ஒந்தினாவின் நாய்க்கு
அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.
அதன் பொருட்டு பாலாடைக்கட்டி.

பெயர் மூலோ. இவ்வூர்ப் பேச்சில் பையன் என்று பொருள்.
பதினெட்டு கிலோ பையன்.

நான் நான்காம் மாடி, எஜிதியோ.
துறைமுகக் கிடங்கில் காப்பிக்கொட்டை மூட்டை எண்ணுகிறவன்.
எண்ணுகிற புத்தி
செருப்போடு வாசலில் நின்றுவிடுவதில்லை,
கூடவே வீட்டுக்குள் வரும்.
ஆகவே எனக்குத் தெரியும்:

மார்ச்சில், இரவு ஒன்பதுக்கு, ஒரே ஒரு குரைப்பு.
லிவியோ வேலை முடிந்து திரும்புகிற நேரம் அது.
லிவியோ திரும்பவில்லை;
வேறொருத்தியோடு மொன்ஃபல்கோனேயில் குடியேறிவிட்டான்.
இதை நாய்க்கு யார் சொல்வது?
"உஷ், உஷ், என் கண்ணே" என்று
ஒந்தினா ஒரு துண்டு வெட்டிப் போட்டாள்.
வாய் மூடியது,
மெல்லுவதற்காக.

ஏப்ரலில் மூன்று குரைப்பு, மூன்று துண்டு.
மே மாதம் முழுக்க
குரைப்பு முந்தியதா கத்தி முந்தியதா என்று
எனக்கே கணக்கு தவறியது.

தபால்காரி வருகிறாள், இது குரைக்கிறது,
தபால்காரி போய்விடுகிறாள்.
ஆறு வருடமாக ஒருநாள்கூட அவள் தங்கியதில்லை.
ஒரு காவல்காரனுக்கு வேறென்ன சான்று வேண்டும்?

விருந்தாளியின் மார்பில் பாயும்.
"கூடாது! கூடாது!" என்று இரு கையாலும் தள்ளுவாள்.
தள்ளத் தள்ள அதற்குக் கொண்டாட்டம்.
தொடுகிறார்கள், கத்துகிறார்கள்,
சும்மா உட்கார்ந்திருந்தபோது யார் திரும்பிப் பார்த்தார்கள்?

பார்கோலா கடற்கரையில் ஒருமுறை
பாதத்தில் கண்ணாடிச் சில்லு.
லிஃப்ட் இல்லாத கட்டடத்தில்
ஐந்து மாடியும் தூக்கிக்கொண்டு ஏறினாள்.
புண் ஆறி வெகுநாளாயிற்று.
இன்றும் முதல் படியைக் கண்டதும்
ஒரு கால் மேலே எழும்பும்.
திங்களன்று இடது, வியாழனன்று வலது.
எந்தக் கால் என்பது அதற்கும் மறந்துவிட்டது,
தூக்குகிறவளுக்கும்.

படிக்கட்டில் மறித்துச் சொன்னேன்:
"அம்மணி, நாயைக் கெடுப்பது நீங்கள்தான்."
மூலோவை இடுப்பில் ஏற்றிச் சரிசெய்தபடி
மூச்சு வாங்கச் சொன்னாள்:
"ஒன்பதரைக்கு நீங்கள் துடைப்பக்கட்டையால்
விட்டத்தை இடிப்பீர்களே,
அதற்குத்தான் இது வால் ஆட்டுகிறது.
ஓடிப்போய் அந்த இடத்தில் காதை வைத்துப் படுத்துக்கொள்ளும்.
அப்புறம் உங்களுக்குப் பதில் சொல்லும்."

அந்தப் பதிலைத்தான் நான்
திமிர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் ஒரு முடிவெடுத்தாள்:
இனித் துண்டு கிடையாது.
நானும் துடைப்பத்தை அலமாரியில் பூட்டினேன்.
முதல் இரவு பத்து நிமிடம்.
இருபது.
மூன்றாம் மாடி விளக்கு எரிந்தது.
எதிர்வீட்டுக் குழந்தை அழுதது.
நாற்பது.
நான் தலையணைக்குள் தலையை விட்டு
கடவுளே, தாங்கிக்கொள் ஒந்தினா, என்றேன்.
நாற்பத்தோராம் நிமிடம்
பலகையில் கத்தி தட்டும் ஓசை.

அன்றோடு விலை நிலைத்தது.
இப்போது நாற்பத்தொரு நிமிடம்
குரைக்கத் தெரிந்த நாய் அது.

நவம்பரில் கொரிஸியாவில் அக்காள் வீட்டுக்கு
நாயோடு போனாள், ஒரு வாரம்.
வேண்டிக்கொண்டது கிடைத்தது.
ஜன்னலில் போரா மட்டும் முட்டிக்கொண்டிருக்க
நான் செய்தித்தாளின் ஒரே வரியை
நான்குமுறை படித்தேன்.
ஒன்பது. ஒன்பதே கால்.
ஒன்பதரைக்குப் பார்க்கிறேன்,
கையில் துடைப்பக்கட்டை.
எப்போது அலமாரியைத் திறந்தேன்?

இரண்டு தட்டு தட்டினேன், மெதுவாக.
மேலே ஒன்றுமில்லை.
இன்னும் இரண்டு.

பிறகு சமையலறைக்குப் போய்
பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு வெட்டி
நின்றபடியே தின்றேன்.
மனம் கொஞ்சம் அடங்கிற்று.

மறுநாள் எட்டு ஐம்பதுக்கே
எனக்கு வாயில் எச்சில் ஊறியது.